சுமையும் மூட்டும்

நம் வீட்டில் அடுப்பு எரிகிறது, உலை கொதிக்கிறது. கூடத்தின் மூலையில் குடிநீர் நிறைந்த கேன் நிற்கிறது. மூன்றாம் மாடியில் குடியிருப்போர் வீட்டிலும் இவை யாவும் இருக்கின்றன. இவற்றை அங்கே கொண்டு சேர்த்தது எது? கப்பலும் ரயிலும் லாரியும் நெடுந்தொலைவு கொண்டுவந்தன என்பது மெய்யே. ஆயினும் தெருமுனையிலிருந்து அடுப்பங்கரை வரையுள்ள கடைசி நூறடியை அவற்றுள் எதுவும் கடக்கவில்லை. அதைக் கடந்தவை ஒரு மனிதருடைய இரண்டு முழங்கால்களும், ஒரு முதுகும், ஒரு தோளுமே ஆகும்.

அந்த முழங்காலையும் முதுகையும் தோளையும் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். பொருள்களைச் சுமந்து வீடுதோறும் சேர்ப்பவர்களுக்கு மூட்டுவலி ஏன் வருகிறது? வந்த வலியைத் தணிப்பது எங்ஙனம்? வாராமல் காப்பது எங்ஙனம்? இவை மருத்துவரும் தொழிலாளியும் மட்டும் அறிய வேண்டிய செய்திகள் என்று மாணவர்கள் கருதிவிடலாகாது. உங்களுள் சிலர் கல்லூரி விட்டதும் முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு, இரு சக்கர வண்டியில் உணவும் பொட்டலங்களும் கொண்டு செல்கிறீர்கள். மற்றவர்கள் மணி ஒலித்ததும் கதவைத் திறக்கிறீர்கள். வாசலுக்கு வெளியே நிற்பவரானாலும் உள்ளே நிற்பவரானாலும், இந்த அறிவு இருவருக்கும் வேண்டும்.

நாட்டு மக்கள் மூட்டுவலிக்குக் கூறும் காரணங்கள் மூன்று: வயது, விதி, வாயு. வாயுவைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. நாள் முழுவதும் எரிவாயு சிலிண்டர் சுமப்பவர் மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், ‘வாயுப் பிடிப்பு’ என்கிறோம். அவர் வாயுவைச் சுமந்தது உண்மை. ஆனால் இடுப்பைப் பிடித்தது அந்த வாயுவின் எடையும், அதைச் சுற்றியுள்ள எஃகின் எடையுமேயாகும். நோயின் காரணத்தை உடலுக்குள்ளே மட்டும் தேடாமல், அவ்வுடல் செய்யும் தொழிலிலும் தேட வேண்டும் என்று முதன்முதலில் வற்புறுத்தியவர் இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி ஆவார். தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதில் சுமை தூக்குவோருக்கென்றே ஓர் அதிகாரம் அமைத்தார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு, ‘நீ செய்யும் தொழில் யாது?’ என்னும் கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அக்கேள்வியின் அருமை குறையவில்லை.

அக்கேள்வியையே கேட்டு, கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டு வீடுகளில் வழங்கும் பெரிய சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. வெற்று உருளையின் எடை 15 முதல் 16 கிலோ வரை இருக்கும். அது உருளையின் மேற்புறத்திலேயே பொறிக்கப்பட்டிருப்பதை நீங்கள் காணலாம். ஆக, நிரம்பிய சிலிண்டரின் எடை ஏறத்தாழ 30 கிலோ. குடிநீர்க் கேனில் 20 லிட்டர் நீர் உண்டு. எனவே அது 20 கிலோவிற்குக் குறையாது. ஒருவர் ஒரு நாளில் முப்பது சிலிண்டர் கொண்டுபோய்ப் போடுவதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அவர் சுமந்தது 900 கிலோ. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால், 2,70,000 கிலோ, அதாவது 270 டன். நன்கு வளர்ந்த ஆண் யானையின் எடையை நாலரை டன் எனக் கொண்டால், அறுபது யானைகளை அம்மனிதர் ஓர் ஆண்டில் மாடிகளில் ஏற்றி வைத்திருக்கிறார்! திரும்பும்போது சுமந்து வந்த காலி உருளைகளை இக்கணக்கில் நான் சேர்க்கவில்லை. மயிலிறகையும் வண்டியச்சையும் உவமையாக்கி வள்ளுவர் காட்டிய உண்மை மூட்டுக்கும் பொருந்தும். ஒரு தடவை சுமப்பதால் மூட்டு கெடுவது அரிது. கூட்டுத்தொகையே அதைக் கெடுக்கிறது.

இனி, மூட்டின் அமைப்பை நோக்குவோம். இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடமே மூட்டு. சந்திக்கும் முனைகள் நேரே உராய்ந்தால் விரைவில் தேய்ந்துவிடும். ஆகையால் இயற்கை அம்முனைகளின்மீது வழவழப்பான குருத்தெலும்பைப் போர்த்தியிருக்கிறது. இதன் கனம் சில மில்லிமீட்டரே. இரு முனைகளுக்கும் இடையே முட்டையின் வெண்கருவைப் போன்ற ஒரு பசைநீர் சுரந்து, மசகெண்ணெய் போல் உதவுகிறது. முழங்காலில் இவற்றோடு பிறை வடிவான இரண்டு குருத்தெலும்புத் துண்டுகளும் அமைந்து, சுமையைப் பரப்பித் தாங்குகின்றன. முதுகெலும்பிலோ, முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற 23 தட்டுகள் இருக்கின்றன.

இக்குருத்தெலும்புக்கு இரண்டு இயல்புகள் உண்டு. இவற்றை அறிந்தால் மூட்டுவலியின் மறைபொருள் பெரும்பாலும் விளங்கிவிடும். முதலாவது, இதில் நரம்புகள் இல்லை. ஆகவே இது தேயத் தொடங்கும்போது நமக்கு வலிப்பதில்லை. தேய்வு முற்றி, அடியிலுள்ள எலும்பும் சுற்றியுள்ள உறையும் துன்புறும்போதே வலி தோன்றுகிறது. ‘நேற்றுவரை நன்றாயிருந்தேன்’ என்று தொழிலாளி சொல்வது பொய்யன்று. நேற்றுவரை செய்தி சொல்ல அங்கே ஆளில்லை என்பதே உண்மை. இரண்டாவது, இதில் இரத்தக் குழாய்களும் இல்லை. அங்ஙனமாயின் இதற்கு உணவு எங்கிருந்து கிடைக்கிறது? கடற்பஞ்சை நீரில் அமுக்கி விடுவது போன்ற முறையில் கிடைக்கிறது. மூட்டின்மீது எடை ஏறும்போது குருத்தெலும்பிலிருந்து நீர் வெளியேறுகிறது. எடை நீங்கும்போது சத்துள்ள பசைநீர் உள்ளே ஊறுகிறது. எனவே அசைவே மூட்டுக்கு உணவு. ஓயாத சுமையும் அதற்குத் தீங்கு. அசையாத ஓய்வும் தீங்கு. சுமையும் ஓய்வும் மாறி மாறி வருவதே அதற்கு உயிர்.

இதை வீட்டிலேயே சோதித்து அறியலாம். காலையில் எழுந்தவுடன் சுவரோரம் நின்று உங்கள் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு படுக்குமுன் மீண்டும் அளந்து பாருங்கள். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கும். பகலெல்லாம் உடலின் எடையைத் தாங்கியதால் முதுகெலும்புத் தட்டுகளிலிருந்து நீர் வெளியேறியிருக்கிறது. இரவில் படுத்திருக்கையில் அது திரும்ப ஊறுகிறது. தூக்கம் என்பது முதுகு நீர் அருந்தும் நேரம். நள்ளிரவு வரை பொட்டலம் கொடுத்துவிட்டு, விடியற்காலையில் மீண்டும் கிளம்பும் இளைஞன் தன் முதுகைத் தாகத்தோடு வேலைக்கு அழைத்துச் செல்கிறான் என்று கொள்ளலாம். தட்டுகள் நீரால் உப்பியிருக்கும் விடியற்பொழுதில் முதுகு விறைப்பாகவும் இருக்கும். எழுந்த சிறிது நேரத்திற்குள் ஆழமாகக் குனிந்து பெருஞ்சுமை தூக்காதிருப்பது நன்று.

இனி, சுமை எவ்வாறு பெருகுகிறது என்பதைக் காண வேண்டும். கையில் இருப்பது 30 கிலோவானால் மூட்டு தாங்குவதும் 30 கிலோதானே என்று எண்ணுவது இயல்பு. நெம்புகோல் பாடம் படித்தவர்கள் அப்படி எண்ணலாகாது. ஒரு கனத்த அகராதியை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், எளிதாக இருக்கும். அதையே கைகளை நீட்டித் தாங்குங்கள். ஒரு நிமிடத்தில் தோள் கெஞ்சும். புத்தகத்தின் எடை மாறவில்லை; தூரம் மாறிற்று. முதுகிலும் அதே கணக்குத்தான். முதுகெலும்பை நெம்புகோலின் தாங்குமுனை என்று கொள்ளுங்கள். அதை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் அதற்குப் பின்னே ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கின்றன. சிலிண்டரை உடலுக்கு முன்னே 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், 30-ஐ 40-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்க வேண்டும். விடை 240 கிலோ. அவ்வளவு விசையோடு தசைகள் இழுத்தால்தான் உடல் முன்னே சாயாமல் நிற்கும். அந்த விசை முழுவதும் இடுப்பருகேயுள்ள தட்டுகளை நசுக்குகிறது. சிலிண்டரை உடலோடு அணைத்து, தொலைவை 20 சென்டிமீட்டராகக் குறைத்தால் விடை 120 ஆகிவிடுகிறது. மேலுடலின் எடையை இதில் சேர்க்கவில்லை; குனியும்போது அதுவும் முன்னே சாய்ந்து, தானும் ஒரு சுமையாகிவிடும். சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் முதுகெலும்புத் தட்டினுள்ளே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். முன்னே குனிந்து சுமை தாங்கும்போது, நிமிர்ந்து நிற்கும்போது இருப்பதைக் காட்டிலும் அழுத்தம் பெரிதும் மிகுவதை அவர் கண்டார்.

முழங்காலின் கணக்கு மாடிப்படியில் இருக்கிறது. செயற்கை மூட்டுகளுக்குள்ளே அளவு கருவிகளைப் பொருத்தி, பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் அம்மூட்டுகள் தாங்கும் விசையை அளந்திருக்கிறார்கள். படியேறும்போது முழங்கால் தாங்கும் விசை உடலின் எடையைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு. இறங்கும்போது அதனினும் சற்று அதிகம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 30 கிலோவைச் சுமந்து ஏறுகிறார் என்றால், 90-இன் மும்மடங்காகிய 270 கிலோவைப் போன்ற விசையை ஒவ்வொரு படியிலும் ஒரு முழங்கால் தாங்குகிறது. ‘ஏறும்போதுதான் கஷ்டம், இறங்குவது சுலபம்’ என்று நாம் நினைக்கிறோம். மூச்சுக்கு அது சரி, முழங்காலுக்குச் சரியன்று. காலி உருளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டிற்கு நேரமாகிவிட்டதே என்று படிகளில் தடதடவென்று இறங்குவதுதான் முழங்காலுக்குப் பெரும் சோதனை. சிலிண்டரை எப்போதும் ஒரே தோளில் சுமப்பவருடைய முதுகெலும்பு பக்கவாட்டில் வளைய, மறுபுறத் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடிக்கின்றன. இரு சக்கர வண்டியில் செல்பவருக்கோ, நீண்ட நேரம் வளைந்து உட்காருவதும், குண்டு குழிகளின் அதிர்ச்சியும், கைப்பிடியை இறுகப் பற்றுவதும் முதுகையும் மணிக்கட்டையும் தாக்குகின்றன.

இளைஞர்கள் தனியே கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புதிதாகச் சுமை தூக்கத் தொடங்குபவருக்குச் சில வாரங்களில் தசை வலுப்பெறுகிறது. ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவை வலுப்பெற மாதங்கள் ஆகின்றன. இரண்டாம் மாதத்தில் ‘இப்போது பழகிவிட்டது’ என்று தசை சொல்லும். அதை நம்பி ஒரே நாளில் வேலையை இரட்டிப்பாக்கினால், பின்தங்கி நிற்கும் நாண் அறுபட்டு வீங்கும். ஆதலால் சுமையையும் நேரத்தையும் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். நோயுற்று எழுந்து வேலைக்குத் திரும்புபவருக்கும் இதே விதிதான்.

வலி வந்துவிட்டால் செய்ய வேண்டுவன யாவை? திடீரென்று சுளுக்கி வீங்கிய மூட்டுக்கு முதல் இரண்டு நாள் குளிர்ச்சியான ஒத்தடம் தரலாம். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும். நாட்பட்ட பிடிப்புக்கும் விறைப்புக்கும் வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். புதிதாக வீங்கிய மூட்டை எண்ணெய் தேய்த்து அழுந்த உருவுவது நன்றன்று. வலி மிகுந்த ஓரிரு நாள் சுமையைத் தவிர்க்க வேண்டும். ஆனால் படுக்கையிலேயே கிடத்தல் கூடாது. இடுப்புவலிக்கு வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. இயன்ற அளவு நடமாடிக்கொண்டிருப்பவரே விரைவில் தேறுகிறார் என்பதை மருத்துவம் பின்னர்க் கண்டறிந்தது. குருத்தெலும்பின் இரண்டாம் இயல்பை அறிந்த உங்களுக்கு இதன் காரணம் விளங்கும்.

வீக்கம் தணிந்தபின் தசைகளை வலுப்படுத்த வேண்டும். முழங்கால் தேய்வுக்கு இன்றைய மருத்துவர்கள் முதலில் கூறும் சிகிச்சைகளுள் ஒன்று உடற்பயிற்சியே. தொடையின் முன்தசை வலுவாக இருந்தால் முழங்காலின் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்கிறது. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்குக. இவ்வாறு ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை செய்க. பின்னர் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மெல்ல உயர்த்திச் சில நொடி நிறுத்தி இறக்குக. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. நாள்தோறும் கால் மணி நேரம் வேண்டும். ‘நாள் முழுவதும் உழைக்கிறவனுக்கு உடற்பயிற்சி எதற்கு?’ என்று சிலர் கேட்பர். சுமை தூக்குதல் ஒரே தசையை ஒரே வழியில் களைப்பிக்கிறது. பயிற்சி குறைவாகப் பயன்பட்ட தசைகளை எழுப்பி, பாரத்தைப் பங்கிடச் செய்கிறது. இரண்டும் ஒன்றாகா.

வலி மாத்திரை பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. காலையில் மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்லும் வழக்கம் பலரிடம் உள்ளது. டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் மருத்துவர் சொல்லாமல் நாள்தோறும் உட்கொண்டால் இரைப்பையில் புண் உண்டாகலாம், சிறுநீரகமும் கெடலாம். வெயிலில் வியர்த்து, நீர் அருந்தாமல் உழைப்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் மிகுதி. மேலும், வலி என்பது உடல் அடிக்கும் அபாய மணி. மணியின் நாவைக் கட்டிவிட்டு, தீயை எரியவிடுவதால் என்ன பயன்?

காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகளும் உள. மூட்டு சிவந்து சூடேறி வீங்கிக் காய்ச்சலும் வருதல். முழங்கால் மடக்க முடியாமலோ நீட்ட முடியாமலோ பூட்டிக்கொள்ளுதல். கால் மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல். இரவில் ஓய்விலும் தணியாத வலி. இவை இருந்தால் காத்திருக்கலாகாது. இடுப்புவலியோடு சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை இழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது நரம்புகள் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் எலும்பு மருத்துவமும், இயன்முறைச் சிகிச்சையும் பெறலாம். அங்கே மருத்துவர் கேளாவிட்டாலும் ராமாசினியின் கேள்விக்கு நாமே விடை சொல்லிவிட வேண்டும்: என்ன தொழில், எத்தனை கிலோ, நாளொன்றுக்கு எத்தனை முறை, எத்தனை படி.

வாராமல் காக்கும் வழிகளை இனிச் சுருங்கக் கூறுகிறேன். சுமையை உடலோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். தரையிலிருந்து எடுக்கும்போது கால்களை அகற்றி வைத்து, முழங்காலையும் இடுப்பையும் மடக்கித் தாழ்ந்து எடுக்க வேண்டும். சுமையோடு திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதங்களை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். தோளை மாற்றி மாற்றிச் சுமக்க வேண்டும். படித் திருப்பங்களில் சில நொடி நின்று செல்ல வேண்டும், இறங்கும்போது விரையலாகாது. தேய்ந்த ரப்பர்ச் செருப்பு படியில் வழுக்கும். பின்புறம் வார் உள்ள காலணி வேண்டும். சமதரையில் தள்ளுவண்டி இருக்கத் தோளில் சுமப்பது வீரமன்று. முதுகுப் பையின் வார்களை இறுக்கி, பை முதுகோடு படியுமாறு மாட்ட வேண்டும்.

இவ்வளவையும் கூறியபின், நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முறையாகத் தூக்கக் கற்றுக்கொடுத்தால் மட்டும் முதுகுவலி குறைந்துவிடுமா என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். பயிற்சி ஒன்றினால் மட்டும் வலி தடுக்கப்படுவதாக அந்த ஆய்வுகள் காட்டவில்லை. இடுப்பில் கட்டும் அகன்ற வார்ப்பட்டையும் அப்படியே. வலியில்லாத தொழிலாளிக்கு அது காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று அமெரிக்க நாட்டுத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆராய்ச்சி நிறுவனம் 1994-இலேயே கூறிவிட்டது. ஏன் இப்படி? 270 டன்னை எவ்வளவு அழகாகத் தூக்கினாலும் அது 270 டன்தான். அதே நிறுவனம் 1991-இல் திருத்தியமைத்த கணக்கின்படி, எல்லா வசதிகளும் பொருந்தியிருக்கும்போது ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ. அதாவது, சுமை உடலருகே இருக்க வேண்டும். இடுப்பளவு உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். உடலைத் திருப்பக் கூடாது. எப்போதாவது ஒருமுறை மட்டுமே தூக்க வேண்டும். நம் சிலிண்டரோ 30 கிலோ, தரையிலிருந்து எடுப்பது, நாளெல்லாம் எடுப்பது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் வெளியிட்ட பரிந்துரையில், வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் எடையின் உச்சவரம்பு 55 கிலோவிற்கு மேற்பட்டிருந்தால் அந்த அளவுக்கு விரைவில் குறைக்க வேண்டும் என்று கூறியது. அரை நூற்றாண்டு கடந்தும் அதற்கு மேற்பட்ட மூட்டைகளை முதுகில் ஏற்றும் காட்சியை நம் சந்தைகளில் காண்கிறோம்.

ஆகையால் சுமப்பவரைத் திருத்துவதோடு நின்றுவிடாமல், சுமையையும் வழியையும் திருத்த வேண்டும். இக்கருத்து நமக்குப் புதிதன்று. பழைய நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை நீங்கள் பார்த்திருக்கலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு மாண்ட பெண்ணின் நினைவாக அவற்றை நடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கரின் சுமையையேனும் இறக்கிவைக்க ஓர் இடம். அதன் உருக்கத்தை நாம் அறிவோம். அதன் அறிவியலையும் எண்ண வேண்டும். கிடைக்கல் தரையோடு இல்லை; நிற்கும் ஆளின் தோளளவு உயரத்தில் இருக்கிறது. தலைச்சுமையோடு வருபவர் குனியாமல், பிறர் துணையின்றி, சுமையை அதன்மேல் நகர்த்தி இளைப்பாறலாம்; குனியாமலே மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்ளலாம். சுமையில் மிகவும் கேடானது தரையிலிருந்து தூக்கும் அந்த ஒரு கணம் என்பதையும், சுமைக்கு நடுவே ஓய்வு வேண்டும் என்பதையும், அக்கல்லை நட்டவர்கள் அளவு கருவியின்றியே உணர்ந்திருந்தார்கள். ‘சுமப்பவன் பாடு அவன் பாடு’ என்று ஊர் விட்டுவிடவில்லை.

அண்மைக் காலத்திலும் இத்தகைய சான்றுகள் உண்டு. மனிதரை மனிதர் வைத்து இழுக்கும் கைரிக்ஷாவைத் தமிழ்நாடு 1973-இல் ஒழித்தது. இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷாக்கள் தரப்பட்டன. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. இணையச் செயலிகளின் வழியே வேலை செய்வோரை 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது; 2023-இல் தமிழ்நாடு அவர்களுக்கென ஒரு நலவாரியம் அமைத்தது. 2021 முதல் கண்ணாடி இழை கலந்த கூட்டுப்பொருளாலான சிலிண்டர்கள் நம் நாட்டில் கிடைக்கின்றன. 10 கிலோ எரிவாயு கொண்ட அத்தகைய சிலிண்டர், நிரம்பிய நிலையிலும் பழைய எஃகுச் சிலிண்டரின் பாதி எடையைச் சற்றே மிஞ்சும். எரிவாயு குறைவுதான், ஆனால் உருளையின் எடை அதைவிட மிகுதியாகக் குறைந்திருக்கிறது. அறிவியல் சுமையைக் குறைக்க முடியும் என்பதற்கு இது சான்று. பொறியியல் பயிலும் மாணவர்கள் மாடிப்படியில் ஏறக்கூடிய எளிய, மலிவான தள்ளுவண்டி ஒன்றைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டால், அது ஆயிரக்கணக்கான முழங்கால்களுக்குச் செய்யும் மருத்துவமாகும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை பல உண்டு. சில அடுக்குமாடிக் குடியிருப்புகளில், பொருள் கொண்டுவருவோர் லிஃப்டில் ஏறக்கூடாது என்று பலகை தொங்குகிறது. நாம் வெறுங்கையோடு லிஃப்டில் செல்ல, 30 கிலோவைத் தோளில் வைத்திருப்பவர் படியேற வேண்டுமாம்! இந்தப் பலகையை எடுக்கச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்தில் பேசுங்கள். காலிச் சிலிண்டரை முன்கூட்டியே வாசலருகே கொண்டுவந்து வையுங்கள். வழியில் கிடக்கும் செருப்பையும் சைக்கிளையும் ஒதுக்குங்கள். தண்ணீர்க் கேனை அவரைக் கொண்டே தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்க்கச் சொல்லாமல், நீங்களும் ஒரு கை கொடுங்கள். லிஃப்ட் இல்லாத வீட்டில் ஒவ்வொரு படித் திருப்பத்திலும் இடுப்பளவு உயரமுள்ள ஒரு திண்ணையோ, உறுதியான மேசையோ இருக்கட்டும். அது நம் காலத்துச் சுமைதாங்கி. பொட்டலம் ஐந்து நிமிடம் தாமதமானால் முகம் சுளிக்காதீர்கள். அந்த ஐந்து நிமிடமே அவர் படித் திருப்பத்தில் நின்ற நேரமாக இருக்கலாம். ஒரு குவளை நீர் கொடுங்கள். வியர்த்தவர் உடலுக்கு அது நலம்.

இந்த வேலையைப் பகுதிநேரமாகச் செய்யும் மாணவனுக்கும் ஒரு வார்த்தை. உழைத்துப் படிப்பது பெருமைக்குரியது. ஆனால் உன் முழங்கால் உனக்கு இருபது வயது வரைக்கும் மட்டும் கொடுக்கப்பட்டதன்று. எழுபது வயதிலும் அதே முழங்காலோடுதான் நீ நடக்க வேண்டும். நாள் கூலி அன்றே செலவாகிவிடும். அன்று தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் முளைப்பதரிது. எவ்வளவு சுமக்க முடியும் என்று கணக்கிடும்போது, எத்தனை ஆண்டு சுமக்க முடியும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடு.

சுமை இல்லாத சமுதாயம் இல்லை. யாரேனும் ஒருவர் சுமந்தே தீர வேண்டும். ஆனால் சுமையின் எடையையும், உயரத்தையும், தூரத்தையும், வேகத்தையும் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் சுமப்பவர்கள் அல்லர். சிலிண்டர் செய்பவரும், வீடு கட்டுபவரும், வேலை தருபவரும், கதவைத் திறக்கும் நாமுமே. தீர்மானிக்கும் உரிமை எவரிடம் இருக்கிறதோ, பொறுப்பும் அவரிடமே இருக்கிறது. அடுத்த முறை வாசல் மணி ஒலிக்கும்போது, இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துவிட்டுக் கதவைத் திறவுங்கள்.